கப்பலேறாத பதினான்கு பண்டல்கள்

பேக்கிங் லிஸ்டில் நான் தட்டச்சு செய்த பதினான்கு பண்டல் இரும்பு கப்பலில் ஏறவே இல்லை. ஆப்பிரிக்காவில் அவற்றைப் பெற்றுக்கொண்டதாக என் அண்ணன் கையெழுத்துப் போட்டான். கும்மிடிப்பூண்டியிலிருந்து மின்கோபுரம் எழுப்பப் போன இருபது பேரில் பத்தொன்பது பேர் திரும்பி வந்துவிட்டார்கள். அண்ணனை மட்டும் அந்தப் பதினான்கு பண்டலுக்குப் பதில் சொல்லும்படி அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள். அவன் போய் இப்போது நான்கு வருடம் ஆகிறது.

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். எங்கள் வீட்டில் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

ஆரம்பாக்கத்துக்கு மேற்கே, ரயில் பாதையைத் தாண்டி இருக்கிறது எங்கள் தெரு. அப்பா செத்தபோது எனக்கு நான்கு வயது. அண்ணன் எனக்கு ஒன்பது வயது மூத்தவன். இரண்டாம் வகுப்போடு படிப்பை விட்டான். மாடு மேய்த்தான், சூளையில் மண் சுமந்தான், பதினெட்டு வயதில் மின்கம்பி இழுக்கும் காண்டிராக்டரிடம் சேர்ந்தான். கோபுரம் ஏறுவதில் அவனுக்கு இணை இல்லை என்று கூட வேலை செய்பவர்கள் சொல்வார்கள். இடுப்பில் ஒரு பை நிறைய போல்ட்டுகளோடு அவன் மேலே போவதை நான் கீழேயிருந்து பார்ப்பேன். அம்மா அந்தப் பக்கமே வரமாட்டாள். அந்தக் கூலியில்தான் நான் பள்ளிக்கூடம் போனேன்.

அறுபதுகளின் கடைசியில் எங்கள் ஊர் வழியாக ஆந்திராவுக்குப் போகும் லைன் ஒன்று போட்டார்கள். நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். பள்ளி விட்டு வரும்போது அவன் எல்லைக்குப் பக்கத்துக் கோபுரத்தின் உச்சியிலிருந்து கூப்பிடுவான்.

"ஏ டீச்சரம்மா! இங்கேர்ந்து துப்பினா ஆந்திராவுல வுழும், பாக்கிறியா?"

"துப்பாதே, அங்க உன் மாமியார் ஊடு இருக்கப் போவுது" என்று நான் கத்துவேன். கீழே கயிறு பிடிப்பவர்கள் சிரிப்பார்கள்.

அவன் இறங்கி வந்ததும் பள்ளியில் படித்ததை அவனுக்குச் சொல்வேன். நம் மலையில் மழை பெய்து அணை நிரம்பினால் நம் மின்சாரம் அங்கே போகும். அவர்கள் ஆற்றில் தண்ணீர் வந்தால் அங்கிருந்து நமக்கு வரும். இதற்குத்தான் இந்த லைன்.

"யாரு கேட்டு வாங்கிக்கினு போவாங்க? கம்பிக்கு தெலுங்கு தெரியுமா?"

"கேக்கவே வேணாம். ரெண்டு ஆபீசுல போன்ல பேசிக்குவாங்க."

"நம்ம ஊட்டுக்கு எப்ப வரும்?"

ஆசிரியரிடம் கேட்டு வந்து, அது பெரிய கம்பி, வீட்டுக்கு விளக்குப் போட அதிலிருந்து நேராக எடுக்க முடியாது என்று மறுநாள் சொன்னேன். அவன் தலையாட்டினான். "அப்ப நம்ம தல மேலயே பூடும்" என்றான். வருத்தமாகச் சொல்லவில்லை. தெரிந்துகொண்ட மாதிரி சொன்னான்.

சனிக்கிழமைகளில் கூலி வாங்க வரிசையில் நின்று அவன் கைநாட்டு வைப்பான். ஊதா மை கட்டைவிரலில் இரண்டு நாள் இருக்கும். அந்தக் காண்டிராக்டரின் கணக்குப்பிள்ளை மகள் என் வகுப்பில் படித்தாள். ஒரு நாள் எல்லோர் முன்னாலும் தன் கட்டைவிரலை மேசையில் அழுத்திக் காட்டி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அன்றைக்கே முடிவு செய்தேன். மூன்று வாரம் அண்ணனை உட்காரவைத்து, அவன் பெயரை இங்கிலீஷில் எழுதப் பழக்கினேன். தமிழில் என்றால் அவன் இன்னும் சீக்கிரம் கற்றிருப்பான். எனக்கு இங்கிலீஷ்தான் வேண்டியிருந்தது. கோபுரத்துக் கால் புதைக்கும் சிமெண்டுத் திண்டில் கரித்துண்டால் எழுதிப் பழகினான். முதல் முறை கையெழுத்துப் போட்டபோது கணக்குப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றி அவனை நிமிர்ந்து பார்த்தாராம். அண்ணன் அதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான்.

வேறு ஓர் எழுத்தும் அவன் கற்றுக்கொள்ளவில்லை. நானும் கற்றுக்கொடுக்கவில்லை.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுத்துக் கம்பெனிகள் வரத் தொடங்கின. எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்பிங் ஹையர் பாஸ் செய்து, மின்கோபுரம் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் நான் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். இதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் கூச்சம் இல்லை. முதல் நாள் அம்மா ரயிலடி வரைக்கும் வந்தாள். "மேசைக்கு அடியில கால நீட்டிக்கினு உக்காராத, மரியாதயா உக்காரு" என்று சொல்லி அனுப்பினாள்.

அண்ணனையும் அங்கே கொண்டுவந்தேன். புதிய கோபுரம் ஒவ்வொன்றையும் வெளியே அனுப்புமுன் யார்டில் ஒரு முறை முழுதாக நிறுத்திப் பார்ப்பார்கள். அதில் ஏற ஆள் வேண்டியிருந்தது. நான் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். அவன் உச்சியிலிருந்து கை அசைப்பான். நான் பார்க்காத மாதிரி டைப் அடிப்பேன்.

சேர்ந்த இரண்டாம் வருடம் ஆப்பிரிக்க ஆர்டர் வந்தது. டிராயிங் அறையில் இஞ்சினியர் சுவரில் வரைபடம் ஒட்டினார். அந்த நாடுகளின் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஒரு நாட்டில் பெரிய ஆறு, அதன் மேல் பெரிய அணை. தங்களுக்கு வேண்டியதைவிட அதிக மின்சாரம் அவர்களிடம் இருந்தது. பக்கத்து நாட்டில் நகரம் இருந்தது, சுரங்கம் இருந்தது, மின்சாரம் எடுக்க நீர்வீழ்ச்சி இல்லை. மின்சாரம் தருகிறோம், உங்கள் ரயிலிலும் துறைமுகத்திலும் எங்கள் சரக்கு போக வழி விடுங்கள் என்று இருவரும் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். அணையிலிருந்து எல்லை வரை, எல்லையில் இன்னொரு ஆற்றைத் தாண்டி, நகரம் வரை கோபுரங்கள். அவற்றின் இரும்பு எங்கள் யார்டிலிருந்து போகும்.

நான் சின்ன வயதில் பார்த்த ஆந்திரா லைன்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. அதைப் போலத்தான் இதுவும் என்று நினைத்துக்கொண்டேன்.

கோபுரம் எழுப்ப இங்கிருந்து இருபது பேரை அனுப்பப் போவதாகச் சொன்னார்கள். அண்ணன் பெயரைக் கொடுத்தது நான். படிவத்தை நிரப்பியதும் நான். படிப்பு என்று ஓர் இடம் இருந்தது. 'எட்டாம் வகுப்பு' என்று எழுதினேன்.

"இன்னா எழுதின?" என்றான்.

"எட்டாவது."

"ரெண்டாவதுதானே? அதுவும் பாதில ஓடிவந்தேன்."

"ரெண்டுன்னு போட்டா கூலிக்காரன்னு வெச்சுடுவாங்க. எட்டுன்னா ஒரு மரியாத."

"படிக்கச் சொல்லிக் கேட்டா?"

"யாரும் கேக்க மாட்டாங்க. கையெழுத்துப் போடற இல்ல? அது போதும்."

அவன் சிரித்தான். "நீ சொன்னா சரிதான். நீதானே நம்ம ஊட்டு கலெக்டர்" என்றான். படிவத்தின் அடியில் தன் பெயரை அழகாக இழுத்துப் போட்டான். மீனம்பாக்கத்தில் விமானம் ஏறும்போது அவன் கால்களில் புது பூட்ஸ் இருந்தது. அம்மா அவன் முகத்தைப் பார்க்காமல் அந்த பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது எங்கள் வேலை முறையைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நடந்தது புரியாது.

ஒரு கோபுரத்தில் நூற்றுக்கணக்கான ஆங்கிள்கள், மூலை மடித்த இரும்புச் சட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் எண்ணை அடித்துப் பதித்து, பிறகு துருப்பிடிக்காமலிருக்க உருக்கிய துத்தநாகத் தொட்டியில் முக்கி எடுப்பார்கள். ஒரே அளவுள்ளவற்றைக் கம்பியால் கட்டினால் ஒரு பண்டல். எந்தப் பண்டலில் என்ன எண், எத்தனை என்று நான் லிஸ்ட் அடிப்பேன். கப்பல் புறப்படும் நாள் நமக்காக மாறாது. காகிதங்கள் இரண்டு நாள் முன்னாலேயே துறைமுகத்துக்கும் பேங்குக்கும் போக வேண்டும். அதனால் பண்டல் கட்டி முடியுமுன்பே லிஸ்ட் அடித்துவிடுவோம். கடைசி லாரிக்குள் எல்லாம் முடிந்துவிட்டால் நல்லது. முடியாவிட்டால் மிஞ்சியது அடுத்த கப்பலில் போகும். அங்கே ஸ்டோரில் இருப்பவர் லிஸ்டில் கையெழுத்துப் போட்டு, அதற்குக் கீழே 'இத்தனை வரவில்லை' என்று ஒரு வரி எழுதி அனுப்புவார். அடுத்த முறை அது சரியாகிவிடும். யாரும் இதைப் பொய் என்று நினைத்ததில்லை. நானும் நினைத்ததில்லை.

யார்டு மேஸ்திரி பழவேற்காட்டுக்காரர். பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அந்தப் பதினான்கு பண்டல் போக வேண்டிய கப்பலுக்கு நான் லிஸ்டோடு போய்க் கேட்டேன்.

"பாய், எல்லாம் கட்டியாச்சா?"

"எங்கம்மா கட்டறது? ரெண்டு நாளா கரண்டு இல்ல. கிரேன் நிக்குது, பேஜாரா கீது. பதினாலு பண்டலு தொட்டிக்கே போவல."

"லிஸ்ட்டுல சேக்கட்டுமா?"

"அடிச்சுடும்மா. அடுத்த கப்பல்ல போவும். எப்பவும் போவலியா இன்னா?"

அந்த வருடம் மழை இல்லை. நம் மலை அணைகளில் தண்ணீர் இல்லாமல் எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் மின்வெட்டு. நான் மேசைக்குத் திரும்பி, பதினான்கு பண்டலையும் சேர்த்து அடித்தேன். பிழை ஒன்றுகூட இல்லாத லிஸ்ட். அடியில், டைப் அடித்தவர் என்று என் பெயரின் இரண்டு எழுத்து.

அண்ணன் கடிதங்கள் மாதம் ஒன்று வரும். கூடப் போயிருந்த தடா ஊர்க்காரர் ஒருவர் அவன் சொல்லச் சொல்ல எழுதுவார். "ஆத்துக்கு இந்தாண்ட ஒரு நாடு, அந்தாண்ட ஒரு நாடு. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் கருவாடு காய வெக்கிறாங்க. நாத்தமும் நம்ம பழவேற்காடு மாதிரியே கீது" என்று ஒன்றில் இருந்தது. இன்னொன்றில், கோபுரத்துக்கு அடியில் இருக்கும் குடிசைக்காரர்கள் தங்கள் வீட்டுக்கு விளக்கு எப்போது வரும் என்று கை ஜாடையில் கேட்கிறார்கள் என்றும், தலைக்கு மேலே கையைக் காட்டி 'போய்விடும்' என்று தானும் ஜாடையில் சொன்னதாகவும் எழுதியிருந்தான். அம்மா அதை இரண்டு முறை படிக்கச் சொன்னாள். எனக்குப் படிக்கப் பிடிக்கவில்லை.

அதற்கடுத்த கடிதத்தில் ஒரு வரி இருந்தது. ஸ்டோர் பார்த்தவருக்கு மலேரியா வந்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள், எட்டாவது படித்தவன் என்பதால் அந்த வேலையை இவனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். "இப்ப நானும் நாற்காலி ஆளு" என்று இருந்தது. நான் பெருமையாக அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். எழுதப் படிக்கத் தெரியாதவன் ஸ்டோரை எப்படிப் பார்ப்பான் என்று ஒரு நிமிடமாவது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

இரண்டு நாடுகளுக்கும் சண்டை வந்தது அதற்குப் பிறகு. எதனால் என்று இங்கே யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. எல்லையை மூடினார்கள். ஆற்றின் இந்தக் கரையில் கடைசிக் கோபுரம் நின்றது, அந்தக் கரையில் முதல் கோபுரம் நின்றது, நடுவில் கம்பி இல்லை. அடுத்த கப்பலை ரத்து செய்தார்கள். ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டார்கள். எங்கள் வீட்டில் அம்மா நெல் அவித்து, அரைத்து, அவன் வருகைக்குத் தயார் செய்தாள்.

வந்தது தடாக்காரர். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"அவன் எங்க நைனா?" என்றாள் அம்மா.

"வருவான்மா. சின்ன சிக்கலு. முடிஞ்சதும் வந்துடுவான்."

அம்மா தண்ணீர் எடுக்க உள்ளே போனதும் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். வரி இல்லாமல் அந்த நாட்டுக்குள் விட்ட இரும்பு அது. கம்பெனி கிளம்புவதற்கு முன் அந்த ஊர் அதிகாரிகள் வந்து லிஸ்டை வைத்துக்கொண்டு எண்ணியிருக்கிறார்கள். பதினான்கு பண்டல் குறைந்தது. லிஸ்டில் அண்ணன் கையெழுத்து இருந்தது. கீழே எந்த வரியும் இல்லை. ஆற்றைத் தாண்டி எதிரி நாட்டுக்கு விற்றுவிட்டான் என்று சொல்லிவிட்டார்கள். மற்றவர்கள் எதிலும் கையெழுத்துப் போடாதவர்கள். அவர்களை அனுப்பிவிட்டார்கள்.

"அண்ணன் இன்னா சொன்னாரு?"

அவர் அம்மா போன பக்கம் ஒரு முறை பார்த்தார். பிறகு சொன்னார். "நான் சொன்னேம்மா, சரக்கே வந்திருக்காது, அங்கயே வுட்டிருப்பாங்கன்னு சொல்லுடான்னு. அவனும் எண்ணிப் பாத்தான், ஆனா ஒத்துக்கல. 'அது என் தங்கச்சி அடிச்ச லிஸ்ட்டு, தப்பா இருக்காது'ன்னான். நாமதான் எங்கியோ தவற வுட்டுட்டோம்னு ரெண்டு நாளா ஆத்தங்கரயில முள்ளுக்குள்ள தேடிக்கினு கெடந்தான்."

அம்மா சொம்போடு வந்தாள். அவர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் துத்தநாகத் தொட்டிக் கொட்டகைக்குப் பின்னால் போனேன். அங்கேதான் இருந்தன. கோரைப்புல் வளர்ந்து பாதி மூடியிருந்தது. துரு ஏறிய ஆங்கிள்கள். குனிந்து எண்களைப் படித்தேன். என் லிஸ்டில் இருந்த அதே எண்கள், அதே வரிசை. எண்ணினேன். பதினான்கு.

பாய் பின்னால் வந்து நின்றார்.

"பாய், இதுக்காகத்தான் எங்க அண்ணன பிடிச்சு வெச்சிருக்காங்க."

"தெரியும்மா."

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நான் சொன்னா எனக்கு வேல பூடும். நாலு பொண்ணுங்க எனக்கு. நீ படிச்ச பொண்ணு. மேல எழுது. ஆனா சீக்கிரமா எழுது."

சீக்கிரமாக எழுது என்று அவர் சொன்னது எனக்கு அப்போது விளங்கவில்லை. உடனே அறைக்குள் போய் மேலாளரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டியிருக்கலாம். குறைந்தது ஸ்டேஷன் ரோட்டு ஸ்டூடியோக்காரரைக் கூட்டிவந்து ஒரு போட்டோ எடுத்திருக்கலாம். நான் கடிதம் எழுத உட்கார்ந்தேன். நல்ல இங்கிலீஷில், ஒரு வக்கீல் எழுதுவது போல, ஒரு தப்பும் இல்லாமல். அகராதி வைத்துக்கொண்டு நான்கு நாள் எழுதினேன். மூன்று முறை திருத்தினேன். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த வாரத்தில்தான் என் வேலையை நிரந்தரமாக்கும் உத்தரவு வரவேண்டியிருந்தது. அது வந்த பிறகு கொடுக்கலாமா என்று ஒரு நாள் யோசித்தேன். ஒரே ஒரு நாள். அந்த ஐந்து நாளும் அண்ணன் அங்கே எங்கே இருந்தான் என்று எனக்குத் தெரியாது.

ஆறாம் நாள் கடிதத்தை மேலாளரிடம் கொடுத்தேன். அவர் முழுவதும் படித்தார்.

"நன்றாக எழுதியிருக்கிறாய்" என்றார். "எங்கே இருக்கிறது அந்த இரும்பு? காட்டு."

கூட்டிப்போனேன். புல் நசுங்கிக் கிடந்தது. மண்ணில் லாரிச் சக்கரத்தின் தடம். ஒரு ஆங்கிள்கூட இல்லை. கொட்டகைக்குள் இரும்பைத் தேய்க்கும் சத்தம் கேட்டது. அந்தப் பதினான்கு பண்டலின் எண்களை அழித்து, உள்நாட்டு ஆர்டர் ஒன்றுக்கு வேறு எண் அடித்தார்கள் என்று பிறகு தெரிந்தது. மேலாளர் பாயைக் கூப்பிட்டார்.

"இங்கே ஏதாவது மிச்சம் இருந்ததா?"

பாய் என்னைப் பார்க்கவில்லை. "எல்லாம் அப்பவே போயிடுச்சு சார்" என்றார்.

அறைக்குத் திரும்பியதும் மேலாளர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் பதிலுக்குப் பேசியிருப்பேன். கோப்பிலிருந்து லிஸ்டின் நகலை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இது யார் அடித்தது?"

"நான்தான் சார்."

"சரக்கு போகவில்லை என்று எழுதினால், பொய் லிஸ்ட் அடித்தது நீ என்று ஆகும். உன் அண்ணன் அங்கே, நீ இங்கே. உன் அம்மாவை யார் பார்ப்பார்கள்? யோசித்துச் சொல்லும்மா."

நான் யோசித்துச் சொல்லவில்லை. அந்தக் கடிதத்தையே டெல்லிக்கு அனுப்பினேன். ஆப்பிரிக்காவில் இருக்கும் நம் தூதரகத்துக்கு அனுப்பினேன். கலெக்டருக்கு, மந்திரிக்கு, பத்திரிகைக்கு. லிஸ்டை அடித்தவள் நானே என்றும் எழுதினேன். யாரும் என்னைப் பிடித்துப்போகவில்லை. வேலையை விட்டுக்கூட நீக்கவில்லை. நிரந்தர உத்தரவு மட்டும் வரவில்லை. பதில் கடிதங்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு எண் இருந்தது. அடுத்த முறை எழுதும்போது அந்த எண்ணைக் குறிப்பிடச் சொன்னார்கள். குறிப்பிட்டேன். வேறு எண் வந்தது.

இரண்டு வருடம் கழித்து அந்த நாடுகளின் சண்டை தீர்ந்தது. ஆட்சி மாறியதா, மனம் மாறியதா, தெரியாது. வேறு ஒரு கம்பெனியின் ஆட்கள் ஆற்றின் குறுக்கே கம்பி இழுத்தார்கள். பதினான்கு பண்டலைப் பற்றி அப்போது எவரும் கேட்கவில்லை. அதைப் புதிதாகச் செய்துகொண்டார்களாம். அணையிலிருந்து பக்கத்து நாட்டு நகரத்துக்கு மின்சாரம் போகத் தொடங்கிய செய்தி எங்கள் தொழிற்சாலைக்குத் தந்தியாக வந்தது. நோட்டீஸ் போர்டில் ஒட்ட அதைத் தட்டச்சு செய்தது நான். எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். என் மேசையிலும் வைத்தார்கள். நான் சாப்பிட்டேன். பசித்தது.

அதே வாரம் தூதரகத்திலிருந்து கடைசிக் கடிதம் வந்தது. வழக்கைத் தொடர ஆதாரம் இல்லாததால் அவனைக் காவலிலிருந்து விட்டார்களாம். வாரம் ஒரு முறை எல்லைச் சாவடிக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லியிருந்தார்களாம். சில வாரங்கள் வந்து போட்டிருக்கிறான். பிறகு வரவில்லை. அதற்கு மேல் தகவல் இல்லை. பாஸ்போர்ட் அவனிடம் இல்லை. கிளம்பும்போது கம்பெனி அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை என்று தடாக்காரர் முன்பே சொல்லியிருந்தார்.

அம்மாவுக்குப் படித்துச் சொன்னேன். அவளுக்கு அந்தக் கடிதத்தைவிட அந்த லைனில் மின்சாரம் ஓடத் தொடங்கிய செய்திதான் பெரிதாக இருந்தது.

"அந்த லைன்ல கரண்டு போவுதுல்ல? அப்ப அவன் வேல முடிஞ்சிடுச்சு. வந்துடுவான்" என்றாள்.

இதற்கு மேல் என்னால் முடியவில்லை. பதினான்கு பண்டலையும், நான் லிஸ்ட் அடித்ததையும், படிவத்தில் எட்டு என்று எழுதியதையும், கடிதம் எழுதிய நான்கு நாளையும், யோசித்த ஒரு நாளையும் அம்மாவிடம் சொன்னேன். முழுவதும் கேட்டாள். முறத்தில் இருந்த அரிசியில் அவள் கை நின்றுவிட்டது.

"போவாத சாமான போச்சுன்னு நீயா எழுதின?"

"ஆமாம்மா."

"அவன் எண்ணிப் பாத்தானா?"

"பாத்தான். கொறஞ்சுது. நான் அடிச்சதுதான் சரின்னு நெனச்சான்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அடிப்பாள் என்றுகூட நினைத்தேன். அவள் அரிசியைப் புடைத்து முடித்து, உலை வைத்து, எனக்குச் சோறு போட்டாள். மறுநாளும் போட்டாள். என்னிடம் அவள் பேசுவதை நிறுத்தவில்லை. ரயிலுக்கு நேரமாச்சு என்பாள், குடையை எடுத்துக்கொள் என்பாள்.

போன மாதம் ரேஷன் கடைக்குப் போனேன். சர்க்கரை நிறுத்துக்கொண்டே கடைக்காரர் கேட்டார்.

"இன்னாம்மா, படிச்ச பொண்ண ஊட்ல வெச்சிக்கினு உங்கம்மா ஏன் லெட்டர எடுத்துக்கினு இங்க வராங்க?"

"எந்த லெட்டரு?"

"அதான், ஆப்பிரிக்கா லெட்டரு. எனக்கு இங்கிலீஷ் அரகொறைதான். படிச்சு சொன்னேன், 'பையன் எங்க கீறான்னு தெரியல'ன்னு போட்டுகீதும்மான்னு. 'எம் பொண்ணும் அப்பிடித்தான் சொன்னா'ன்னாங்க. அப்பறம் எதுக்கு எங்கிட்ட கேட்டாங்கன்னு தெரியல."

நான் சர்க்கரையை வாங்கிக்கொண்டேன்.

"போஸ்ட் ஆபீசு எத்தன மணிக்குத் தொறக்கும்னு கேட்டுக்கினு போனாங்க" என்றார் அவர். "அங்க புதுசா வந்திருக்கிற மாஸ்டரு நல்லா இங்கிலீஷ் படிப்பாராம்."